நிகண்டு முதல் தரவுத்தளம் வரை: பிள்ளைகளின் முதல் புத்தகம் எது?

தரவுத்தளம் என்ற சொல் நம் வீடுகளுக்குள் வந்து அதிக காலம் ஆகவில்லை. ஆனால் அந்தச் சொல் குறிக்கும் வேலை தமிழுக்குப் புதிதன்று. மண்டல புருடர் என்னும் சமணப் புலவர் செய்த சூடாமணி நிகண்டைப் பிரித்துப் பாருங்கள். பன்னிரண்டு தொகுதி. தேவர் பெயர் ஒரு தொகுதி, மக்கட் பெயர் ஒரு தொகுதி, விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று தனித்தனியே வகுத்திருக்கிறார். ஒன்றை மற்றொன்றோடு கலக்கவில்லை. பதினோராவது தொகுதியில் பல பொருள் தரும் ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, அவற்றை எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்குகிறார். தேடுகிறவன் எந்த வழியாக வருவான் என்று முன்கூட்டியே யோசித்து வைத்த ஏற்பாடு இது. இன்றைக்குக் கம்ப்யூட்டர்க்காரர்கள் முதலாவதை டேபிள் என்கிறார்கள், இரண்டாவதை இண்டெக்ஸ் என்கிறார்கள். அவ்வளவுதான்.

இதைச் சொல்வது பழம்பெருமைக்காக அல்ல. டேட்டாபேஸ் என்றதும் நம்ம பிள்ளைகள் மிரண்டு போகிறார்கள். பொருளை வகை பிரித்து, பெயர் வைத்து, எடுக்கத் தோதாக வைப்பதுதான் விஷயம் என்று புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். மீதி பாதி பயத்தைப் போக்க வேண்டியது புத்தகம். அதைப் போக்காமல் இரட்டிப்பாக்கும் புத்தகங்களே கடையில் அதிகம் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம். இடுக்கியின் கிழக்கு ஓரத்தில் மூணாறு, தேவிகுளம், வண்டன்மேடு, குமுளி. இங்கெல்லாம் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் எல்லாம் ஆங்கிலமாகிவிடும். ஆசிரியர் விளக்குவது மலையாளத்தில். வணிகவியல் எடுத்த பிள்ளைக்குக் ‘கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்’ என்று ஒரு பாடம். கேரள மேல்நிலை இரண்டாம் ஆண்டு நூலில் தரவுத்தளத்துக்கு ஒரு அத்தியாயம், எஸ்க்யூஎல் மொழிக்கு ஒரு அத்தியாயம். மூன்று மொழிக்கு நடுவில் நின்றுகொண்டு அந்தப் பிள்ளை இதைப் படிக்க வேண்டும்.

ஏலக்காய் கொள்முதலுக்காக மலைக்குப் போய்வரும் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை, அம்மா காய் எடுக்கப் போகிறவர். பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு கணினி மையத்தில் சேர்ந்தாள். கட்டின பணத்துக்கு ஈடாகத் தலையணை மாதிரி ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். “மொதப் பக்கத்துலேயே கணக்குச் சூத்திரமா வருதுங்கய்யா, எனக்கு இது ஆகாது போல”ன்னு சொன்னாள். ஏலக் கம்பெனி அலுவலகத்தில் லாட் விவரம் பதிகிற வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. வெறுமனே பதிவதற்கு ஒரு சம்பளம். பதிந்ததிலிருந்து கணக்கு எடுத்துக் கொடுக்கத் தெரிந்தால் அதைவிட நல்ல சம்பளம். அந்த இரண்டுக்கும் நடுவே நின்றது அவளுடைய அறிவு அல்ல, அந்தத் தலையணை. நான் புரட்டிப் பார்த்தேன். நல்ல புத்தகம்தான், ஆனால் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறவனுக்கு.

சூத்திரம் எதற்காக வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த எட்கர் காட் என்பவர் கணிதம் படித்தவர். 1970 ஜூனில் அவர் எழுதிய ஒரு கட்டுரைதான் இன்றைய தரவுத்தளங்களுக்கு வேர். தகவலையெல்லாம் கட்டம் கட்டிய அட்டவணைகளாக வைத்தால் போதும், அது தட்டில் எந்த மூலையில் கிடக்கிறது என்பதைக் கேட்பவன் அறிய வேண்டியதில்லை என்றார். 1974-இல் அதே நிறுவனத்தின் சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் அந்த அட்டவணைகளைக் கேள்வி கேட்க ஒரு மொழி செய்தார்கள். அதுவே எஸ்க்யூஎல். காட் அவர்களுக்கு 1981-இல் டூரிங் விருது கிடைத்தது. ‘ரிலேஷனல்’ என்று அவர் வைத்த பெயரைப் பார்த்து, அட்டவணைகளுக்கு இடையே உள்ள உறவைத்தான் சொல்கிறார் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். கணிதத்தில் ‘ரிலேஷன்’ என்றால் ஒரு வகைத் தொகுதி. அந்த அட்டவணையே ஒரு ரிலேஷன். எந்தப் புத்தகமாவது இந்த இடத்தில் சறுக்கினால் அதை எழுதியவரும் கேள்வி ஞானத்தில் எழுதியவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் அதற்காக ஒரு தொடக்கநிலைப் புத்தகத்தை ஒதுக்க வேண்டியதில்லை.

ஒதுக்க வேண்டியது வேறு காரணத்துக்காக. அதைச் சொல்ல நம்ம மலைக்கே போவோம்.

தமிழில் ஒரு வேடிக்கை: ஏலமும் ஏலம், ஏலமும் ஏலம். காயும் அதே சொல், கூவி விற்பதும் அதே சொல். இடுக்கியின் புற்றடியிலும் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலும் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் ஏலத்தில் முன்பெல்லாம் வாயால் விலை கேட்பார்கள். 2007-இலிருந்து மின்னணு ஏலம். வியாபாரி தன் முன்னால் உள்ள பொத்தானை அமுக்கி விலை ஏற்றுகிறார். ஒரு லாட்டுக்கு எண், யார் கொண்டுவந்தது, எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, யார் எடுத்தது, கிலோ என்ன விலை – இத்தனையும் பதிவாகிறது.

இதை ஒரு பிள்ளையிடம் கொடுத்து எழுதி வை என்றால் எக்செல்லில் ஒரே நீளமாக எழுதிவிடும். ஒவ்வொரு லாட்டுக்கும் விவசாயியின் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் திரும்பத் திரும்ப. ஒரு பருவத்தில் ஒரே விவசாயி முப்பது தடவை வருவார். நடுவில் அவர் போன் நம்பரை மாற்றிவிட்டால்? முப்பது இடத்திலும் திருத்த வேண்டும். இருபத்தெட்டு இடத்தில் திருத்தியிருப்பார்கள். பெயர் சங்கதி இன்னும் மோசம். முருகேசன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நம்மவர் ‘ஜி’ போடுவார், மலையாள எழுத்தர் ‘கே’ போடுவார். நம்ம வழக்கம் தலையெழுத்து முன்னால். அங்கே வீட்டுப்பெயரும் தலையெழுத்தும் பின்னால். ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் மூன்றாவது மாதிரி. எனக்குத் தெரிந்த ஒரு கொள்முதல் கடையில் ஒரே ஆள் மூன்று ஆளாகப் பதிவாகி, ஒருவர் பேரில் முன்பணம் பாக்கியும் இன்னொருவர் பேரில் வரவும் நின்றது. அந்த மனிதர் கடன்காரர் என்று பேர் வாங்கிக்கொண்டு ஒரு பருவம் முழுக்க அலைந்தார். அவருக்குக் கடை கொடுக்க வேண்டியதுதான் நிஜத்தில் இருந்தது.

இதற்கு மருந்து: விவசாயிக்கு ஒரு தனி அட்டவணை, அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர் எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், லாட் அட்டவணையில் அந்த எண் மட்டும் வரட்டும். வியாபாரிகளுக்கு இன்னொரு அட்டவணை. இந்த எண்ணுக்குத்தான் ‘பிரைமரி கீ’ என்று பெயர். தமிழ் நூல்களில் ஒன்றில் ‘திறவுகோல்’ என்றிருக்கும், இன்னொன்றில் ‘சாவி’ என்றிருக்கும், இரண்டும் ஒன்றுதான். போன் நம்பரைச் சாவியாக வைக்கக் கூடாது, ஏனென்றால் அது மாறும். பெயரை வைக்கக் கூடாது, ஏனென்றால் அது இரண்டு பேருக்கு இருக்கும்.

ஆகவே புத்தகக் கடையில் நான் செய்யும் சோதனை இதுதான். புத்தகத்தைத் திறந்து, ஒரே அட்டவணையில் எல்லாவற்றையும் எழுதினால் என்ன கெடும் என்பதை ஆசிரியர் எங்கே காட்டுகிறார் என்று பார்ப்பேன். முதல் ஐம்பது அறுபது பக்கத்துக்குள் காட்டியிருந்தால் அவருக்கு ஆரம்ப மாணவனைத் தெரியும். காட்டாமலே ‘செலக்ட்’, ‘வேர்’ என்று கட்டளைகளை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனால், பிள்ளை கட்டளை கற்றுக்கொள்ளும், ஆனால் சொந்தமாக ஒரு அட்டவணை போடச் சொன்னால் பழைய எக்செல்லையே திருப்பிப் போடும். இரண்டாவதாகப் பார்ப்பது உதாரணம். கடை, சரக்கு, வாடிக்கையாளர், பில் என்று இருந்தால் நம்ம வீட்டுப் பிள்ளைக்கு ஒட்டும். மூன்றாவது, பயிற்சிக் கணக்கும் விடையும் இருக்கிறதா என்பது. தனியாகப் படிக்கிறவனுக்கு விடை இல்லாத பயிற்சி கிணற்றில் போட்ட கல்.

இனிப் பெயர் சொல்லியே பேசுவோம்.

இந்தியாவில் கல்லூரி மாணவர்கள் ‘கோர்த்’ என்று சுருக்கிச் சொல்லும் ‘டேட்டாபேஸ் சிஸ்டம் கான்செப்ட்ஸ்’. சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் மூவர் பெயரில் வருவது. சுதர்சன் மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர். அட்டையில் பாய்மரக் கப்பல் இருக்கும். பாடமாக இதற்கு நிகர் குறைவு. ஆனால் இது இரண்டாவது, ஏன், மூன்றாவது புத்தகம். சி.ஜே. டேட் எழுதி 1975-இல் முதலில் வந்த ‘அன் இன்ட்ரொடக்ஷன் டு டேட்டாபேஸ் சிஸ்டம்ஸ்’ நூலும் அப்படித்தான். ‘அறிமுகம்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. புலவர்கள் ‘சிற்றுரை’ என்று பெயரிட்டு முந்நூறு பக்கம் எழுதுவதைப் போல.

முதல் புத்தகமாக நான் கையில் கொடுப்பது பென் ஃபோர்ட்டா எழுதிய ‘டீச் யுவர்செல்ஃப் எஸ்க்யூஎல் இன் டென் மினிட்ஸ்’. 1999-இல் முதற்பதிப்பு, பிறகு பல பதிப்பு வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிடாது, ஒரு பாடம் பத்து நிமிடம் என்று பொருள். ஒல்லிப் புத்தகம். உதாரணம் ஒரு பொம்மை மொத்த வியாபாரி: சரக்கு தருபவர், சரக்கு, வாடிக்கையாளர், ஆர்டர், ஆர்டரின் உள்விவரம் என்று ஐந்தே அட்டவணை. கடைக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? பொம்மையை எடுத்துவிட்டு ஏலக்காயைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இதில் உள்ள குறை, அட்டவணைகள் ஏற்கெனவே நன்றாகப் பிரித்துப் போடப்பட்டே வருகின்றன. ஏன் ஐந்தாகப் பிரித்தார்கள் என்பதில் ஆசிரியர் நிற்பதில்லை. என் சோதனையில் இது பாதிதான் தேறும்.

மீதிப் பாதிக்கு மைக்கேல் ஹெர்னாண்டஸ் எழுதிய ‘டேட்டாபேஸ் டிசைன் ஃபார் மியர் மார்ட்டல்ஸ்’. சாதாரண மனிதர்களுக்கு என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். எந்த மென்பொருளையும் சாராமல், காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு அட்டவணையைத் திட்டமிடக் கற்றுக்கொடுப்பது. கம்ப்யூட்டர் இல்லாத வீட்டிலும் படிக்கலாம். லயன் வீடுகளில் இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் நீட்டி முழக்குவார். ஆங்கிலமும் கொஞ்சம் வேண்டும். முழுதும் படிக்க வேண்டாம், அட்டவணை பிரிப்பதும் சாவி வைப்பதும் உள்ள பகுதிகள் போதும்.

ஆலன் பொலியூவின் ‘லேர்னிங் எஸ்க்யூஎல்’ ஃபோர்ட்டாவுக்கு அடுத்த படி. 2005-இல் வந்த முதற்பதிப்பிலும் அடுத்ததிலும் வங்கி உதாரணம். 2020-இல் வந்த மூன்றாம் பதிப்பில் சினிமா வாடகைக் கடை உதாரணம். எனக்கு வங்கிதான் பிடித்தது. பயிற்சிக்கு விடையும் உண்டு. ‘ஹெட் ஃபர்ஸ்ட் எஸ்க்யூஎல்’ என்று 2007-இல் வந்தது படமும் கேலியுமாக இருக்கும். சில பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. அமெரிக்க வேடிக்கைப் பேச்சு நமக்கு எட்டாமல், சிரிக்க வேண்டிய இடத்தில் பாடத்தைத் தேடிக்கொண்டிருப்போம்.

காசே செலவழிக்காமலும் முடியும். என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பதினொன்றாம் வகுப்பு ‘இன்ஃபர்மேட்டிக்ஸ் பிராக்டிசஸ்’ நூலில் தரவுத்தளக் கருத்துகளும் எஸ்க்யூஎல்லும் அளவாக, தெளிவான ஆங்கிலத்தில் இருக்கின்றன, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தமிழில் வேண்டுமென்றால் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள் நூல்களின் தமிழ்வழிப் பதிப்பு உண்டு. இலங்கையின் சாதாரண தரத் தகவல் தொழினுட்பப் பாடநூலிலும் தரவுத்தளத்துக்கு இடம் உண்டு. அவர்கள் தமிழ் நம் காதுக்குச் சற்று வேறாக ஒலித்தாலும் விளக்கம் பொறுமையானது. பாடநூலுக்கு வெளியே து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ இருக்கிறது. கணியம் இதழின் வழியாக வந்து, இலவச மின்னூலாகக் கிடைப்பது. கட்டளைகளை ஆங்கிலத்தில் அப்படியே விட்டுவிட்டு விளக்கத்தை நல்ல தமிழில் தருகிறார். இந்த முறைதான் சரி என்பேன். ‘செலக்ட்’ என்பதைத் ‘தேர்ந்தெடு’ என்று கணினியிடம் சொன்னால் அதற்குப் புரியாது. ஏன் அந்த இடத்தில் ‘செலக்ட்’ என்று பிள்ளைக்குத் தமிழில் சொன்னால்தான் பிள்ளைக்குப் புரியும்.

மலைப்பெண்ணுக்கு நான் சொன்னது, தமிழ்ப் புத்தகத்தை ஒருமுறை கதை போலப் படித்துவிட்டு, ஃபோர்ட்டாவை நோட்டுப் போட்டுப் படி என்று. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டால் இரண்டும் வராது. ஒரு பருவம் ஆயிற்று அவளுக்கு. “ஜாயின்” வரும் இடத்தில் மட்டும் மூன்று வாரம் நின்றாள். எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். விவசாயி அட்டவணையையும் லாட் அட்டவணையையும் அந்த எண்ணை வைத்து ஒட்டிக் காட்டுவதுதான் ஜாயின். இரண்டு சீட்டில் எழுதி, மேசை மேல் வைத்து, நூல் பிடித்துக் காட்டினால் அரை மணி நேரத்தில் விளங்கும். எந்தப் புத்தகமும் அந்த நூலைத் தருவதில்லை.

எந்த மென்பொருளில் பழகுவது என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள்தான் பழக்கம். பல ஆண்டுகள் இருந்த பத்தாம் வகுப்புக் கணினி நூலில் ‘விவரசஞ்சயம்’ என்று மலையாளத்தில் பெயரிட்ட பாடம் லிப்ரே ஆபீஸ் பேஸ் கொண்டே சொல்லப்பட்டது. ஆகவே கோயம்புத்தூர்க் கடையில் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் புத்தகத்தை வாங்கி வந்துவிட்டு, பள்ளியில் இருக்கும் திரை வேறு என்று குழம்ப வேண்டாம். பேஸுக்கு அதைச் செய்தவர்களே எழுதிய கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்து எஸ்க்யூலைட், 2000-இல் ரிச்சர்ட் ஹிப் என்பவர் செய்தது. தரவுத்தளம் முழுதும் ஒரே கோப்பு, பென்டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். அதன் பிறகு மைஎஸ்க்யூஎல். 1995-இல் வந்தது; 2010-இல் ஆரக்கிள் கைக்குப் போனது; அதற்கு முன்பே அதைச் செய்தவர்களில் ஒருவர் பிரிந்துபோய் மரியாடிபி என்று தனியாகத் தொடங்கிவிட்டார். முதல் மகள் பெயர் ‘மி’, இளைய மகள் பெயர் ‘மரியா’. இரண்டு மென்பொருளுக்கும் மகள்கள் பெயரையே வைத்தார். ஒன்றுக்குப் படித்த புத்தகம் ஆரம்பத்தில் மற்றதற்கும் ஓடும்.

பழைய புத்தகம் வாங்கலாமா? உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கிறதே என்பார்கள். டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ புத்தகம் என்றால் தொடவே வேண்டாம். நம் தலைமுறைக் கடைகளில் கணக்கு ஓடியது அவற்றில்தான், ஆனால் ஃபாக்ஸ்ப்ரோவின் கடைசிப் பதிப்புக்கான ஆதரவைக்கூட மைக்ரோசாஃப்ட் 2015-இல் நிறுத்திவிட்டது. எஸ்க்யூஎல் புத்தகம் அப்படியல்ல. இருபது வருஷத்துப் பழசாக இருந்தாலும் அடிப்படைக் கட்டளைகள் மாறவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அது நம்மைக் கைவிடும், அது நம்ம மொழி. 2018-இல் வந்த 8.0 பதிப்புக்கு முன்பு மைஎஸ்க்யூஎல்லைச் சும்மா நிறுவினால் அது ஐரோப்பிய எழுத்துகளை மனதில் வைத்துத்தான் அட்டவணை போடும். பழைய புத்தகத்தைப் பார்த்து அப்படியே செய்து, தமிழில் பெயர் எழுதினால், திரும்ப எடுக்கும்போது வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும். அட்டவணை போடும்போதே ‘யுடிஎஃப்8எம்பி4’ என்று குறிப்பிட வேண்டும். ஆங்கில ஆசிரியர்களுக்கு இது தேவைப்படாததால் பலர் எழுதுவதே இல்லை. புத்தகத்தின் பின்னால் சொல்லடைவில் ‘யூனிகோட்’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எழுத்து சரியாக விழுந்த பிறகும் வரிசை ஒரு பிரச்சினை. எஸ்க்யூலைட்டிடம் பெயர்களை வரிசைப்படுத்தச் சொன்னால், நாம் வேறு ஏற்பாடு செய்யாதவரை, யூனிகோட் எண்ணின்படி அடுக்கும். அதில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, நமக்கோ அது கடைசி மெய். ‘ழ’வும் ‘வ’வுக்கு முன்னால் இருக்கிறது. அதனால் அப்புவுக்கு முன்னால் அன்பு வருவார், அவிநாசிக்கு முன்னால் அழகர்சாமி வருவார். சங்க உறுப்பினர் பட்டியலை இப்படி அச்சடித்தால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். இதற்கு எளிய வழி, வரிசை எண்ணுக்கென்று அட்டவணையில் ஒரு கட்டம் சேர்த்துவிடுவது. ஊருக்கு நூறு இருநூறு பெயர் இருக்கிற நம் கிளைப் பட்டியல்களுக்கு அது தாராளமாகப் போதும். படிக்கிற பிள்ளைகளுக்குப் பயிற்சியாகவும் இருக்கும். உறுப்பினருக்கு ஒரு அட்டவணை, சந்தாவுக்கு ஒரு அட்டவணை, நடுவில் அந்த எண்.